முழுப் பேர்

முதல் கேள்வியே பேர்தான்.
சார்ஜன்ட் பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்.
பவளராணி என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"இன்னைக்குப் பேர் போச்சு, மிஸ்."

மலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
அங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கிலோ நிறைந்தால் பேர் விழும்,
குறைந்தால் அரைப் பேர்.
நிறைந்த கூடைக்கு ஏன் அரைப் பேர் என்று கேட்டதற்குத்தான்
கொழுந்து மடுவத்தில்
கணக்கப்பிள்ளை அவளைத் தள்ளினான்.
தராசின் இரும்புக் காலில் மோதி
வலது மணிக்கட்டு முறிந்தது.
நாற்பது பேர் நின்றார்கள்.
இது வேறு பேர், இதற்குக் கூலி இல்லை.
நாற்பது பேரும் அந்த நேரம் பார்த்து
கூடைக்குள் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

நான் சட்டத்தரணி இல்லை.
ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேலே
இரண்டு கதிரை, ஒரு மேசை, அடி கருகிய கேத்தல்.
கதவில் ஒட்டிய தாளில்
"பாதிக்கப்பட்டோருக்கான உதவி" என்று இருக்கும்.
உதவி என்பது பெரும்பாலும்
பஸ்ஸுக்குச் சில்லறை,
போனுக்கு ரீலோட்,
ஆஸ்பத்திரி வாங்கில்
சட்ட வைத்தியர் வரும்வரை பக்கத்தில் குந்தியிருப்பது,
அவர் தந்த படிவத்தை மழைக்குக் காட்டாமல்
சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவது.
பிறகு, மொழிபெயர்ப்பது.

சார்ஜன்ட் கெட்டவர் இல்லை.
இணக்க சபைக்குப் போனால் சுருக்கமாக முடியுமே,
இணங்கிப் போகச் சொல்லுங்கள் என்றார்.
சொன்னேன்.
"நான் இணங்கிருவேன். கை இணங்க மாட்டேங்குதே"
என்றாள்.
அதைச் சிங்களத்தில் சொன்னபோது
அடுத்த மேசைப் பொலிஸ்காரி சிரித்துவிட்டு
தேத்தண்ணி கொண்டுவரப் போனாள்.

ஒன்றரை மணி நேரம் எழுதினார்.
வாசித்துக் காட்டினார்.
ஆறாவது வரியில் நான் நிறுத்தினேன்.
"வெட்டுணா" என்று இருந்தது.
விழுந்தாள்.

இதை மொழி தெரியாத பிழை என்று சொல்ல முடியாது.
தள்ளு என்பதற்குச் சிங்களத்திலும் தல்லுதான்.
எந்தக் காலத்திலோ யாரோ யாரையோ தள்ளியபோது
கூடவே அந்தப் பக்கம் போய் விழுந்த சொல்.
அந்த ஒரு சொல்லுக்கு நான் தேவையே இல்லை.

பவளராணி என் முகத்தைப் படித்தாள்.
எழுந்தாள்.
நல்ல கையால் என் தோளில் ஒரு தள்ளு.
கதிரையோடு சுவரில் போய்ச் சாய்ந்தேன்.
"இதை எழுதச் சொல்லுங்க."

எழுதினார்.
பழைய சொல்லை வெட்டி, மேலே புதியதைப் போட்டு,
ஓரத்தில் தன் சுருக்கொப்பமும் இட்டார்.
இடது பெருவிரலை மையில் ஒற்றப் போனவர்
ஒரு கணம் தயங்கினார்.
கொழுந்துக் கறையில் அது ஏற்கெனவே கறுத்திருந்தது.

வெளியே படலையடியில் அவள் புருஷன்.
"பொலிசுக்கு வந்தா பேர் கெட்டுரும்னு சொன்னேன்,
கேக்கல" என்றான் என்னிடம்.
ஆனால் குடையை அவள் பக்கமே பிடித்திருந்தான்.

இரவு ஒன்பதுக்கு ஓர் அழைப்பு.
பெண் குரல். பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
"மடுவத்துல நான் பாத்தேன்."
யாரம்மா நீங்க?
"பேர் வேணாமே."
லைன் கறகறத்தது.
வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.
"புதன்கிழமை வந்தா பஸ் காசு தருவீங்களா?"
தருவேன் என்றேன்.
"அன்னைக்குப் பேர் போயிருமே, அதுக்கு?"

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பயணத்துக்கு இடம் இருக்கிறது,
மருந்துக்கு, போட்டோப் பிரதிக்கு இருக்கிறது.
போன பேருக்கு இல்லை.
கடைசி வரியில்
இதர செலவு என்று இருந்த இடத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்:

பேர், முழுசாக, இரண்டு.